இங்கிலாந்தின் கீழ்நிலை கால்பந்து லீக்குகள்: ரசிகர்களே கிளப்பைக் காக்கும் களம் – பெங்களூரு ரசிகர்களுக்கான முழு விளக்கம்

பெங்களூரு: மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல் ஆகிய பெயர்களை அறியாத கால்பந்து ரசிகர் இந்தியாவில் அரிது. ஆனால், இங்கிலாந்தின் கால்பந்து பிரீமியர் லீக்கின் 20 கிளப்புகளோடு முடிந்துவிடுவதில்லை. அதற்குக் கீழே சிறு நகரங்களின் பெயரைத் தாங்கிய நூற்றுக்கணக்கான கிளப்புகள் வாரந்தோறும் களமிறங்குகின்றன. அவற்றில் பல நூற்றாண்டைக் கடந்தவை. சில ஒவ்வோர் ஆண்டும் கடனோடு போராடுபவை.

பெங்களூருவின் கிழக்கே லிங்கராஜபுரம், குக் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களுக்குக் கால்பந்து புதிதன்று. ராணுவக் குடியிருப்பாக வளர்ந்த கன்டோன்மென்ட் வட்டாரத்தில் தலைமுறைகளாக ஆடப்பட்டுவரும் விளையாட்டு அது. இப்பகுதி ரசிகர்கள் இங்கிலாந்தின் கீழ்நிலை கிளப் ஒன்றைப் பின்தொடர விரும்பினால் அறிய வேண்டியவை எவை, இந்தியாவுக்கும் அந்தக் கிளப்புகளுக்கும் உள்ள தொடர்பு என்ன, ஒரு கிளப் வீழும்போது ரசிகர்களால் என்ன செய்ய முடியும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அடுக்குகள் எவை?

1888ஆம் ஆண்டு 12 கிளப்புகளுடன் தொடங்கப்பட்ட கால்பந்து லீக்தான் இன்றைய அமைப்பின் வேர். 1992ஆம் ஆண்டு முதல்நிலை கிளப்புகள் பிரிந்து பிரீமியர் லீக்கை உருவாக்கின. அதற்குக் கீழே உள்ள மூன்று அடுக்குகள் முறையே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று அழைக்கப்படுகின்றன. 'லீக் ஒன்' என்ற பெயரைக் கண்டு அதை முதல் அடுக்கு என்று கருதிவிடக் கூடாது. அது மூன்றாம் அடுக்கு.

இந்த மூன்று அடுக்குகளிலும் தலா 24 அணிகள் வீதம் மொத்தம் 72 கிளப்புகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மற்ற 23 அணிகளுடன் தன் மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் மைதானத்தில் ஒருமுறை என ஒரு சீசனில் 46 ஆட்டங்கள் ஆடுகிறது. பிரீமியர் லீக் அணி ஆடுவது 38 ஆட்டங்கள் மட்டுமே.

ஐந்தாம் அடுக்கு நேஷனல் லீக். அதற்குக் கீழே வடக்கு, தெற்கு எனப் பிரிந்து, பின்னர் வட்டார லீக்குகளாகக் கிளைவிட்டுச் செல்கிறது இந்த அமைப்பு. கீழ் அடுக்குகளில் ஆடும் வீரர்களில் பலர் பகலில் வேறு தொழில் செய்பவர்கள். ஆசிரியரும் மின்பணியாளரும் சனிக்கிழமை மாலை ஒரே அணியில் ஆடுவது அங்கு வியப்புக்குரியதன்று.

ஏற்றமும் இறக்கமும்

இந்த அமைப்பின் உயிர்நாடி, அடுக்குகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கமே. 2024-25 சீசன் நிலவரப்படி, சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளும் பிளே ஆஃப் சுற்றில் வெல்லும் ஓர் அணியும் பிரீமியர் லீக்குக்கு உயர்கின்றன. கடைசி மூன்று அணிகள் லீக் ஒன்னுக்கு இறங்குகின்றன. லீக் ஒன்னிலிருந்து நான்கு அணிகள் லீக் டூவுக்கு இறங்க, அங்கிருந்து நான்கு அணிகள் மேலே வருகின்றன. லீக் டூவின் கடைசி இரண்டு அணிகள் நேஷனல் லீக்குக்குத் தள்ளப்படுகின்றன.

எனவே, பட்டியலின் நடுவில் இருக்கும் அணிக்கும் ஏப்ரல் மாதம் வரை ஏதோ ஒரு கணக்கு மிஞ்சியிருக்கும். கோப்பையை வெல்லும் வாய்ப்பு இல்லாத அணியின் ரசிகர்களும் கடைசி ஆட்டம் வரை மைதானத்துக்கு வருவதற்கு இதுவே காரணம்.

இதற்கு அப்பால் எஃப்.ஏ. கோப்பை உள்ளது. 1871-72 சீசனில் தொடங்கிய இப்போட்டியில் சிற்றூர் கிளப்பும் பிரீமியர் லீக் கிளப்பும் ஒரே குலுக்கலில் இடம்பெற வாய்ப்பு உண்டு. 2017ஆம் ஆண்டு ஐந்தாம் அடுக்கில் இருந்த லிங்கன் சிட்டி, பிரீமியர் லீக் அணியான பர்ன்லியை அதன் சொந்த மைதானத்தில் வீழ்த்திக் காலிறுதிக்கு முன்னேறியது. லீக்குக்கு வெளியே இருந்த ஓர் அணி அந்தச் சுற்றை எட்டியது ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதுவே முதல்முறை.

இந்திய நேரத்தில் எப்போது?

ஆகஸ்டு முதல் மே வரை சீசன் நடைபெறுகிறது. இங்கிலாந்தில் ஆட்டங்களுக்கான மரபான நேரம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. கோடைக்கால நேரம் நடைமுறையில் உள்ள மாதங்களில் இது இந்திய நேரப்படி இரவு 7.30 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இரவு 8.30 மணி. வாரநாளில் அங்கு இரவு 7.45 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் இங்கு நள்ளிரவு கடந்து 1.15 மணிக்குத் தொடங்கும்.

சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனுக்குள் கால்பந்து ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்பத் தடை உள்ளது. தொலைக்காட்சியில் பெரிய ஆட்டம் ஓடினால் சிறு கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடும் என்பதே இதன் காரணம். இத்தடை வெளிநாடுகளுக்குப் பொருந்தாது. பல கிளப்புகள் கட்டணம் பெற்றுக்கொண்டு தங்கள் ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்புகின்றன. ஆகவே, உள்ளூர்க்காரர் வீட்டிலிருந்து காண முடியாத ஆட்டத்தைப் பெங்களூருவில் உள்ள ரசிகர் நேரலையில் காணும் நிலை ஏற்படுவதுண்டு.

பெங்களூருவின் பழைய உறவு

ஆங்கிலேயக் கால்பந்துடன் பெங்களூருவுக்கு உள்ள உறவு தொலைக்காட்சி வழியாகத் தொடங்கியதன்று. 1809ஆம் ஆண்டு இங்கு ஆங்கிலேயர்களின் ராணுவக் குடியிருப்பு நிறுவப்பட்டபோது, சென்னை மாகாணப் படையோடு தமிழ் பேசும் சிப்பாய்களும் தொழிலாளர்களும் வணிகர்களும் வந்து குடியேறினர். பின்னாளில் ஆங்கிலேயப் படைப்பிரிவுகள் ஆடிய கால்பந்து, அவர்களின் பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது.

பம்பாயில் ஆங்கிலேயப் படை அணிகள் ஆதிக்கம் செலுத்திவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937ஆம் ஆண்டு பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குடிமக்கள் அணி அதுவே. அடுத்த ஆண்டும் அது கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் அணி முதன்முறையாகக் களமிறங்கியது. ஜூலை 31ஆம் தேதி லண்டனின் கிழக்கே உள்ள இல்ஃபோர்டு நகரில் பிரான்சுக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடினர். 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூருவைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் புகழ்பெற்ற வெம்பிளியில் அன்றி, ஒரு புறநகர்த் திடலில் அடிக்கப்பட்டது.

பூட்டியா ஆடிய கிளப்பின் கதி

இந்தியர்கள் கீழ்நிலை லீக் ஒன்றின்மீது முதன்முதலில் பரவலாகக் கவனம் செலுத்தியது 1999ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டு பைச்சுங் பூட்டியா, மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள பெரி எஃப்.சி. கிளப்பில் சேர்ந்தார். அப்போது பெரி மூன்றாம் அடுக்கில் இருந்தது. காயங்களால் பாதிக்கப்பட்ட பூட்டியாவால் அங்கு நிலைபெற முடியவில்லை. கிளப்பும் நிதி நெருக்கடியில் சிக்கிய நிலையில் 2002ஆம் ஆண்டு அவர் இந்தியா திரும்பினார்.

1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரி, 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் கடன்சுமையில் இருந்த இக்கிளப் ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறியது. 2019ஆம் ஆண்டு களத்தில் வென்று லீக் ஒன்னுக்குத் தகுதி பெற்ற சில மாதங்களிலேயே, கடன்களை அடைக்க வழியுண்டு என நிரூபிக்க இயலாததால், ஆகஸ்டு 27ஆம் தேதி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. களத்தில் வென்ற அணியைக் கணக்குப் புத்தகம் வீழ்த்தியது.

வழக்கறிஞர்கள், கணக்காளர்கள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலதரப்பட்ட ரசிகர்களும் அதன்பின் ஒன்று சேர்ந்தனர். ஒரு பிரிவினர் புதிய கிளப்பைத் தொடங்கினர்; மற்றொரு பிரிவினர் பழைய கிக் லேன் மைதானத்தை மீட்டனர். 2023ஆம் ஆண்டு இரு தரப்பும் வாக்கெடுப்பு நடத்தி இணைந்தன. அந்த ஆண்டு முதல் பெரி எஃப்.சி. என்ற பெயரில், அதே கிக் லேனில், ஒன்பதாம் அடுக்கிலிருந்து பயணம் மீண்டும் தொடங்கியது.

இந்திய உரிமையாளர், ஆங்கிலேய ரசிகர்

பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பின் கதை இந்தியாவை நேரடியாகத் தொடுவது. 1994-95 சீசனில் பிரீமியர் லீக் பட்டத்தை வென்ற இக்கிளப்பை, 2010ஆம் ஆண்டு நவம்பரில் புணேவைச் சேர்ந்த கோழிப்பண்ணைத் தொழில் நிறுவனமான வெங்கீஸ் வாங்கியது. அடுத்த மாதமே பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012ஆம் ஆண்டு அணி பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. இறக்கம் உறுதியான ஆட்டத்தில், எதிர்ப்பைக் காட்ட ரசிகர்கள் உயிருள்ள கோழி ஒன்றைக் களத்துக்குள் விட்டனர்.

2017ஆம் ஆண்டு அணி மூன்றாம் அடுக்குக்குச் சரிந்து, அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்புக்கு மீண்டது. இழப்பில் இயங்கும் கிளப்புக்கு உரிமையாளர்கள் தொடர்ந்து பணம் செலுத்தியதும் உண்மை. அவர்களுக்கு எதிரான முழக்கம் ஓயாததும் உண்மை. உரிமையாளர் தொலைதூரத்தில் இருப்பதை மட்டும் ரசிகர்கள் எதிர்க்கவில்லை. முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் தங்கள் குரலுக்கு இடமில்லை என்பதே அவர்களது நெடுநாள் குறை.

ரசிகர்களே உரிமையாளர்களான கிளப்புகள்

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஏ.எஃப்.சி. விம்பிள்டன். 1988ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் கிளப்பை, தெற்கு லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் நகருக்கு இடம் மாற்ற உரிமையாளர்கள் முடிவு செய்தனர். 2002ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி மூவர் குழு இதற்கு அனுமதி அளித்தது. தங்கள் ஊரின் கிளப் ஊரைவிட்டே போய்விட்டதாகக் கருதிய ரசிகர்கள், சில வாரங்களில் புதிய கிளப்பைத் தொடங்கினர். விம்பிள்டன் பொதுத்திடலில் விளம்பரம் செய்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தனர்.

ஒன்பதாம் அடுக்கில் தொடங்கிய அந்தக் கிளப், 2011ஆம் ஆண்டு லீக் டூவுக்கும் 2016ஆம் ஆண்டு லீக் ஒன்னுக்கும் உயர்ந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் பழைய பகுதியான பிளவ் லேனில் கட்டப்பட்ட புதிய மைதானத்துக்குத் திரும்பியது. கிளப்பின் கட்டுப்பாடு ரசிகர்களின் அறக்கட்டளையிடம் உள்ளது. அறக்கட்டளையில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. பணம் அதிகம் கொடுத்தவருக்குக் கூடுதல் வாக்கு இல்லை.

எக்ஸிடர் சிட்டியும் அவ்வாறே. 2003ஆம் ஆண்டு லீக்கிலிருந்து இறங்கி, கடனில் மூழ்கியிருந்த கிளப்பை ரசிகர்களின் அறக்கட்டளை ஏற்றது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்திலேயே 0-0 எனச் சமன் செய்தது. அந்த ஆட்டத்திலும் மறு ஆட்டத்திலும் கிடைத்த வருவாய் கிளப்பைக் கரைசேர்க்க உதவியது. 2008ஆம் ஆண்டு எக்ஸிடர் மீண்டும் லீக்குக்குத் திரும்பியது.

ரசிகர் உரிமை எல்லாச் சிக்கல்களையும் தீர்த்துவிடாது. பணக்கார உரிமையாளர் உள்ள கிளப்புகளுடன் ஊதியத்தில் போட்டியிட இவற்றால் இயலாது. வளரும் வீரர்களை விற்றே வரவு செலவைச் சமன் செய்ய வேண்டியிருக்கும். ஆனால், ஒருவரின் சலிப்பாலோ கடனாலோ ஓர் இரவில் கிளப் மறையும் ஆபத்து இங்கு குறைவு.

புதிய சட்டம் சொல்வது என்ன?

பெரியின் வீழ்ச்சி உள்ளிட்ட நிகழ்வுகளுக்குப் பின், ரசிகர்களின் கருத்தை மையமாகக் கொண்ட ஆய்வு ஒன்றைப் பிரிட்டன் அரசு 2021ஆம் ஆண்டு நடத்தியது. அதன் தொடர்ச்சியாகக் கால்பந்து நிர்வாகச் சட்டம் 2025ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் தேதி அரச ஒப்புதல் பெற்றது. இதன்படி, முதல் ஐந்து அடுக்குகளின் கிளப்புகளைக் கண்காணிக்கச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு உருவாக்கப்பட்டுள்ளது. கிளப்பை வாங்குவோரின் தகுதியையும் பணத்தின் மூலத்தையும் ஆராய்வது, மைதான விற்பனை போன்ற முடிவுகளைக் கட்டுப்படுத்துவது, சின்னம், நிறம் போன்றவற்றில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்கச் செய்வது ஆகியவை அதன் பணிகள்.

சட்டம் வந்த அதே கோடையில் மோர்கம் கிளப் தள்ளாடியது. நேஷனல் லீக்குக்கு இறங்கியிருந்த அக்கிளப், ஊதிய பாக்கியால் லீக்கிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டது. ஆகஸ்டு மாதம் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற முதலீட்டுக் குழு அதை வாங்கிய பின்னரே களத்துக்குத் திரும்பியது. புதிய பயிற்சியாளராக நியமிக்கப்பட்ட அஷ்வீர் சிங் ஜோஹல், பிரிட்டனில் தொழில்முறை அணி ஒன்றுக்குப் பொறுப்பேற்ற முதல் சீக்கியர் ஆனார்.

அக்டோபர் மாதம், நான்கு முறை இங்கிலாந்து சாம்பியனான ஷெஃபீல்டு வெட்னஸ்டே திவால் நடவடிக்கைக்கு உட்பட்டது. விதிப்படி அதன் கணக்கிலிருந்து 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன. உரிமையாளருக்கு எதிராக மைதானத்துக்குச் செல்லாமல் புறக்கணித்துவந்த ரசிகர்கள், அவர் பிடி விலகியதும் மீண்டும் அனுமதிச்சீட்டுகளை வாங்கத் திரண்டனர். வருவதும் வராதிருப்பதுமே ரசிகரின் கையில் உள்ள கருவி என்பதை இது காட்டியது.

களத்தில் ஒரு தமிழர்

தமிழ் ரசிகர்கள் கவனிக்கத்தக்க பெயர் விமல் யோகநாதன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006ஆம் ஆண்டு பிறந்து, வேல்ஸில் வளர்ந்த இந்த நடுகள வீரர், லிவர்பூல் கிளப்பின் இளையோர் அமைப்பில் பயிற்சி பெற்று, பின்னர் பார்ன்ஸ்லி கிளப்பில் சேர்ந்தார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லீக் கோப்பை ஆட்டத்தில் களமிறங்கினார். பிரிட்டனின் தொழில்முறை கால்பந்தில் ஆடும் முதல் தமிழர் என அவர் அறியப்படுகிறார். அவர் களம் கண்ட பார்ன்ஸ்லி, நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த நகரின் கிளப். அப்போது மூன்றாம் அடுக்கில் இருந்தது.

நம் வாசலில் உள்ள கீழ்நிலை லீக்

இங்கிலாந்தின் கீழ் அடுக்குகளைப் பின்தொடரும் பெங்களூரு ரசிகருக்கு, தன் ஊரிலும் அத்தகைய அடுக்குகள் உண்டு என்பது நினைவிருக்க வேண்டும். பெங்களூரு மாவட்டக் கால்பந்து சங்கம் சூப்பர் டிவிஷன், 'ஏ', 'பி', 'சி' டிவிஷன்கள் என லீக் போட்டிகளை நடத்துகிறது. பொதுத்துறை நிறுவனங்கள், ராணுவப் பிரிவுகள், பேட்டைக் கிளப்புகள் ஆகியவற்றின் அணிகள் இவற்றில் ஆடுகின்றன. அசோக் நகரில் உள்ள பெங்களூரு கால்பந்து மைதானம் இவற்றின் மரபான களம்.

1977ஆம் ஆண்டு முதல் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை வீழ்த்தியது பெங்களூருவின் ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணி. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 'மினி பிரேசில்' என்றே அப்பகுதி அழைக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் ரியாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேகாலயாவை 3-2 என வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகா சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது.

ஆயினும், இங்குள்ள அமைப்பில் ரசிகரின் இடம் சிறியது. இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்தும் 2024-25 சீசன் வரை அதிலிருந்து கீழே இறங்கும் முறை நடைமுறைக்கு வரவில்லை. ஐ-லீக்கை வென்று மேலே செல்லும் வழி 2023ஆம் ஆண்டுதான் முதலில் திறந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம், உரிம ஒப்பந்தம் குறித்த தெளிவின்மையால் சூப்பர் லீக்கின் புதிய சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி வீரர்கள், பணியாளர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. கண்டீரவா மைதானத்தின் மேற்குப் பகுதியில் நின்று ஆண்டுக்கணக்கில் முழங்கிய வெஸ்ட் பிளாக் புளூஸ் ரசிகர்களுக்கு, அம்முடிவுகள் எதிலும் வாக்கு இல்லை.

ரசிகர் செய்யக்கூடியவை

தொலைவிலிருந்து ஒரு கிளப்பைத் தேர்வு செய்பவர், வெற்றிப் பட்டியலுக்கு முன் சில கேள்விகளுக்கு விடை தேடுவது நல்லது. அந்தக் கிளப்பின் உரிமையாளர் யார்? மைதானம் கிளப்பின் பெயரில் உள்ளதா, வேறொரு நிறுவனத்தின் பெயரில் உள்ளதா? ரசிகர் அறக்கட்டளை உண்டா, வெளிநாட்டவர் அதில் சேர முடியுமா? ஒரு கிளப் நெருக்கடியில் விழும்போது முதலில் எழும் கேள்விகள் இவையே.

கிளப்பின் இணைய ஒளிபரப்புக்குக் கட்டணம் செலுத்துவதும், அதன் கடையில் நேரடியாகச் சட்டை வாங்குவதும் சிறு தொகைகளே. பிரீமியர் லீக் கிளப்புக்கு அவை கணக்கில் வாரா. ஆனால், தொலைக்காட்சி வருவாய் மிகக் குறைந்த நான்காம், ஐந்தாம் அடுக்குக் கிளப்புக்கு ஒவ்வோர் அனுமதிச்சீட்டும் பொருட்டுதான்.

இதே கணக்கு அசோக் நகர் மைதானத்துக்கும் பொருந்தும். சனிக்கிழமை இரவு 8.30 மணிக்கு எக்ஸிடரின் ஆட்டத்தைக் காணும் லிங்கராஜபுரத்து ரசிகருக்கு, அன்று பிற்பகலில் உள்ளூர் டிவிஷன் ஆட்டம் ஒன்றைக் காண நேரம் இருக்கும். இரண்டு கிளப்புகளுக்கும் தேவை ஒன்றே: அடுத்த ஆட்டத்துக்கும் வரும் ரசிகர்.